தலைப்பு முதல் கடைமடை வரை: ஒரு ஸ்கூட்டர், ஆறு நாள்

நாள் 1: முக்கொம்பு

மேட்டூர் அணையில் காவிரித் தண்ணீர் திறந்து இன்றோடு மூன்றாவது நாள். திருச்சி பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா வந்து இறங்கியபோது கையில் ஒரு மஞ்சள் பை, ஒரு குடை, அவ்வளவுதான். ஸ்கூட்டரில் நான் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கா போறோம்?" என்றார்.

திட்டம் இதுதான். தண்ணீர் போகிற பாதையில் நாமும் போவது. அது எங்கெல்லாம் பிரிகிறதோ அங்கெல்லாம் நின்று பார்ப்பது. கடல் வரை. யோசனை என்னுடையது, ஆனால் தைரியம் சித்தப்பாவை நம்பித்தான். நான் தாம்பரத்தில் வளர்ந்தவன், ஆறு என்றால் அடையாறு. சித்தப்பா நீடாமங்கலத்துக்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். லஸ்கர் என்றால் ஆற்று மதகுகளை ஏற்றி இறக்குகிறவர். தஞ்சாவூர்ப் பக்கம் இந்த வார்த்தைக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொரு வார்த்தையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆறு நாளும் இது வரும். டெல்டாவில் ஓர் ஆறோ வாய்க்காலோ எங்கே பிரிகிறதோ அந்த இடத்துக்குப் பேர் 'தலைப்பு'. கட்டுரைக்கு இருக்கிற மாதிரி ஆற்றுக்கும் தலைப்பு உண்டு. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கோடிக்குப் பேர் 'கடைமடை'.

அப்படிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் முதல் தலைப்பு முக்கொம்பு. இங்கேதான் காவிரி இரண்டாகிறது: தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. இந்தப் பிரிவில் ஒரு நியாயம் இல்லை. கொள்ளிடம் நேராக, சரிவாக, பள்ளமாகப் போகிறது. காவிரி மேட்டில் வளைந்து வளைந்து போகிறது. தண்ணீருக்கு எது சுலபம்? 1800-களின் தொடக்கத்தில் காவிரியின் வாயில் மணல் ஏறிக்கொண்டே போக, தண்ணீரில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தஞ்சாவூர் காய்ந்தது, கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, நில வரி குறைந்தது. இரண்டாவது விஷயம்தான் கும்பினியை எழுப்பியது என்பது என் எண்ணம். 1836இல் ஆர்தர் காட்டன் என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் கொள்ளிடத்தின் வாயில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 33.

அந்த அணை 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு வரை நின்றது. அன்றைக்குக் கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 வெள்ளத்தோடு போய்விட்டன. பாறாங்கல்லும் மணல் மூட்டையும் கொட்டி அடைத்ததை டிவியில் பார்த்தோமே, அதுதான். இப்போது பக்கத்திலேயே புதிய கதவணை இருக்கிறது. சித்தப்பா புதியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய அணையின் கற்களைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதே வெள்ளத்தில்தான் திருச்சியின் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலமும் இடிந்தது. 1928இல் கட்டியது. நல்ல வேளை, 2016லேயே பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டதால் பழையதில் வண்டி போவதில்லை. மாலை நடைக்குப் போகிறவர்களுக்குத்தான் நஷ்டம்.

தண்ணீர் மதியம் வந்தது. பெரிய ஆரவாரமெல்லாம் இல்லை. மணலில் ஈரம் கறுத்துக்கொண்டே வந்து, பள்ளங்கள் நிரம்பி, ஒரு மணி நேரத்தில் ஆறு ஆகிவிட்டது.

நாள் 2: கல்லணை

காலையில் திருச்சி நகருக்குள் உய்யக்கொண்டான் வாய்க்காலைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது. உய்யக்கொண்டான் என்பது ராஜராஜ சோழனின் பட்டப்பெயர்களில் ஒன்று. ஆயிரம் ஆண்டு வாய்க்காலின் மேலே ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் முட்டிக்கொண்டு நின்றன. கீழே என்ன ஓடியது என்பதை எழுதாமல் விடுகிறேன்.

கல்லணையில் கூட்டம். பாலத்தில் இருக்கிற ஆஞ்சநேயர் கோயிலில் பூஜை முடிந்து, பெரிய மனிதர்கள் பொத்தானை அழுத்தி ஷட்டர் ஏறியது. எல்லோரும் ஆற்றில் பூவும் விதைநெல்லும் தூவினார்கள். எங்களைப் போலீஸ் தூரத்திலேயே நிறுத்திவிட்டதால் எனக்குக் கிடைத்தது முன்னால் நின்றவரின் முதுகும் அவர் கையில் இருந்த போனும்தான். அந்த போன் திரையில்தான் தண்ணீர் திறந்ததைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகுதான் உண்மையில் கல்லணையைப் பார்த்தோம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை நாளும் நான் கல்லணை என்றால் காவிரிக்குக் குறுக்கே கட்டிய அணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் படம் அப்படி. நின்று பார்த்தால்தான் புரிகிறது. முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்து இங்கே மறுபடி நெருங்குகின்றன. கொள்ளிடம் பள்ளத்தில், காவிரி மேட்டில். நடுவில் கரை தாழ்ந்த ஓர் இடம். முக்கொம்பில் தப்பி வந்த தண்ணீர் இந்த வழியாகக் கொள்ளிடத்தில் விழுந்துவிடும். அந்த வழியைத்தான் கரிகாலன் அடைத்தான். அதாவது பழைய கல்லணை, ஆறு போகிற திசைக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆறு ஓடிப்போகப் பார்க்கிற பக்கத்தில், கரை மாதிரி, வளைந்து வளைந்து நிற்கிறது.

"வீட்ல ஓட்டை இருக்கிற பக்கந்தானே செவுரு வைப்போம்" என்றார் சித்தப்பா. முப்பது வருஷம் பாடம் எடுத்தவர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். கீழே பாறை கிடையாது, வெறும் ஆற்று மணல். அந்த மணலில் பெரிய கற்களைப் போட்டால் தண்ணீர் அடியை அரிக்க, கல் இறங்கும். மேலே இன்னொன்று, அதுவும் இறங்கும். இனி இறங்காது என்கிற நிலை வரும்வரை போட்டுக்கொண்டே போனால் அஸ்திவாரம் கிடைத்துவிடும். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவதை இந்த நாட்டுக்காரர்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று காட்டன் பிற்பாடு எழுதினார். மேலணை, கீழணை, அப்புறம் ஆந்திராவில் கோதாவரிக்கு அவர் கட்டிய தவளேஸ்வரம் எல்லாவற்றுக்கும் வித்து இங்கேதான். 'கிராண்ட் அணைக்கட்' என்ற பெயரும் அவர் வைத்ததே.

மேலே இப்போது தெரிகிற கட்டுமானத்தில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரர் காலம். 1804இல் கால்டுவெல் என்கிற ராணுவப் பொறியாளர் கல்லணையின் முடியை இரண்டேகால் அடி உயர்த்தினார். (தமிழ் ஆராய்ச்சி செய்த திருநெல்வேலி கால்டுவெல் இல்லை. அவர் பிறக்கவே அதற்கப்புறம் பத்து வருஷம் இருந்தது.) காவிரி, வெண்ணாற்று ஷட்டர்களும் அவற்றின் மேலே போகிற பாலங்களும் பிறகு வந்தவை. கல்லணைக் கால்வாயின் மதகு இன்னும் பிந்தையது, 1934. ஒரே இடத்தில் நின்று தலையைத் திருப்பினால் இத்தனை காலமும் அடுத்தடுத்துத் தெரிகிறது.

காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு வாய். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாலம். இந்தப் பாலங்களை ஊருக்குப் போக யாரும் கட்டவில்லை என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன். ஷட்டரை ஏற்றி இறக்க லஸ்கர் நடந்து போக ஒரு நடைபாதை வேண்டும். அந்த நடைபாதை கொஞ்சம் அகலமானால் மாட்டுவண்டி. இன்னும் கொஞ்சம் அகலமானால் பஸ். தண்ணீரைப் பிரிப்பதற்காகக் கட்டியதன் முதுகில் ஏறித்தான் நாம் கரை சேர்கிறோம்.

மதியம் ஆற்றோரக் கடையில் வறுத்த மீன். சித்தப்பா சைவம், அதனால் இரண்டு பேர் பங்கும் எனக்கு.

நாள் 3: தஞ்சாவூர், திருவையாறு

ராத்திரி தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். ஏசி அறை என்று காசு வாங்கிக்கொண்டு, ஏசி ரிமோட்டுக்கு பேட்டரி இல்லை என்றார்கள். சித்தப்பா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்.

காலையில் பெரிய கோயிலுக்கு வெளியே, அகழிக்குப் பக்கத்தில் ஓடுகிற புது ஆற்றங்கரையில் டீ. கல்லணைக் கால்வாய்க்குத் தஞ்சாவூரில் புது ஆறு என்றுதான் பேர். மேட்டூர் அணையோடு சேர்த்து, கர்னல் எல்லிஸ் என்கிற பொறியாளர் போட்ட திட்டத்தில், 1934இல் வந்தது. தொண்ணூறு வருஷமாகியும் இன்னும் 'புது' போகவில்லை. புதுப்பெண்ணாக வந்து கொள்ளுப்பாட்டியான பிறகும் அந்த வீட்டில் 'புதுசு' என்றே கூப்பிடப்பட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும்.

மற்ற ஆறுகளெல்லாம் பள்ளம் தேடிப் போகிறவை. இது மேட்டிலேயே பிடிவாதமாகப் போவதற்கென்று வெட்டிய ஆறு. காவிரி தானாக எட்டாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துச் செம்மண் மேடுகளுக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு மூலைக்கும் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். 148 கிலோமீட்டர். ஏறக்குறைய இரண்டேகால் லட்சம் ஏக்கர். வழியில் காட்டாறுகள் குறுக்கிட்டால் என்ன செய்வது? காட்டாற்றைக் கீழே விட்டு இது மேலே போகும். அந்த இடத்துக்குக் கீழ்க்குமிழி என்று பேர். பாலத்தில் மனிதன் தண்ணீரைத் தாண்டுவான், இங்கே தண்ணீர் தண்ணீரைத் தாண்டுகிறது.

காந்திஜி சாலையில் இந்த ஆற்றின் மேலே இருப்பது இர்வின் பாலம். வைசிராய் இர்வின் பெயர்தான். பழைய பாலத்தை இடித்துவிட்டுச் சில வருஷத்துக்கு முன் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் கரையில் நின்று காத்திருந்து புதுப் பாலத்தில் ஏறிக்கொண்டது. ஷேர் ஆட்டோக்காரர், "இர்வின் பாலம் எறங்கு" என்று கத்தும்போது அந்தத் துரையை யாருக்கு ஞாபகம் வரப்போகிறது.

ஆற்றின் படுகைக்கும் கரைக்கும் சிமென்ட் பூசுவதற்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள், சுமார் 2,640 கோடி ரூபாய்த் திட்டம். கடைமடைக்காரர்களுக்கு இது வரம், தண்ணீர் வழியில் உறிஞ்சப்படாமல் சீக்கிரம் போய்ச் சேரும். கரையோரக் கிணற்றுக்காரர்களுக்கு அதே காரணத்தால் கவலை. டீக்கடையில் இரண்டு கட்சியும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, சித்தப்பா திறந்தார், டீ ஆறிப்போய்விட்டது.

பிறகு திருவையாறு. தஞ்சாவூரிலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். அதற்குள் ஐந்து பாலம். கரந்தை தாண்டினால் வடவாறு. பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு. அப்புறம் வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. சித்தப்பாவின் சின்ன வயதில் இந்த வழியில் பஸ்ஸில் போகும்போது ஆற்றை எண்ணச் சொல்வார்களாம், தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு. நான் நான்குதான் எண்ணினேன். வெட்டாற்றில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தேன். குட்டு விழுந்தது, ஹெல்மெட் மேல்.

இந்த ஐந்தில் எது இயற்கை, எது வெட்டியது என்று கேட்டால் இப்போது யாருக்கும் அக்கறை இல்லை. எல்லாவற்றின் கரையிலும் நாணல், எல்லாவற்றிலும் படித்துறை. குடமுருட்டி திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரியிலிருந்து பிரிகிறது. வெட்டாறும் வடவாறும் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து. ஒரு குடும்பம் தனித்தனி வீடு கட்டிக்கொண்டு ஒரே தெருவில் இருக்கிற மாதிரி.

தியாகராஜர் சமாதியருகே படித்துறையில் உட்கார்ந்தோம். தண்ணீர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. முழங்கால் அளவு, செம்மண் நிறம்.

நாள் 4: கும்பகோணம், அணைக்கரை

தண்ணீரை முந்திவிட்டோம். கும்பகோணம் பாலக்கரையில் காவிரி வெறும் மணல். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டம்புக்கு மூன்று செங்கல். பாலத்தின் நிழலில் அம்பயர்.

கும்பகோணம் இரண்டு ஆற்றுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற ஊர். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. எந்தப் பக்கம் வெளியே போனாலும் பாலம். 1854இல் தொடங்கிய அரசுக் கல்லூரி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. ராமானுஜன் 1904இல் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதிலெல்லாம் கோட்டை விட்டு அந்த உதவித்தொகையை இழந்த கல்லூரி. கணக்குத் தெரியாமலே அதையெல்லாம் கோட்டை விட்ட நான் சற்று மரியாதையோடு கடந்து போனேன்.

அணைக்கரைக்கு முன்னால் பின் சக்கரம் பஞ்சர். பக்கத்தில் கடை இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளினோம், அதாவது நான் தள்ளினேன், சித்தப்பா எனக்கும் சேர்த்துக் குடை பிடித்தார்.

சென்னைக்குக் கும்பகோணம் பஸ்ஸில் போன யாருக்கும் அணைக்கரை மறக்காது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலம், எதிர்ப்பக்கம் விடும்வரை இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் வெள்ளரிப்பிஞ்சும் கொய்யாவும் விற்கும். கொஞ்ச காலம் பாலம் பலவீனம் என்று பஸ்ஸையே தடுத்து, ஆட்களை இறக்கிவிட்டு, நடந்து அக்கரை போய் வேறு பஸ் ஏறச் சொன்னார்கள். நடுராத்திரியில் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் அம்மா அப்படி நடந்திருக்கிறார். குழந்தை என் தங்கை மகள். இப்போது நாலு வழிச்சாலைக்கென்று சற்றுத் தள்ளிப் புதுப் பாலம்.

ஆனால் இதைப் பாலம் என்று திட்டுவதே அநியாயம். இது பாலமே இல்லை, அணை. கீழணை. மேலணையோடு சேர்த்து 1836இல் காட்டன் கட்டியது. காரணம் எளிது. மேலே முக்கொம்பில் கொள்ளிடத்தின் வாயை அடைத்தால் கொள்ளிடத்தை நம்பியிருந்த கீழ்ப்பகுதி என்ன ஆவது? அதனால் கொள்ளிடத்திலேயே இன்னும் கீழே ஓர் அணை. அங்கே தேங்குகிற தண்ணீர் வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களில் சிதம்பரம், சீர்காழிப் பக்கமும், வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும். (இது இன்னொரு வடவாறு. பெயருக்குப் பஞ்சம் போல.) பராந்தக சோழன் காலத்து ஏரியான வீராணத்திலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிறது. தாம்பரத்தில் நான் குடித்ததில் இந்த அணையின் தண்ணீரும் இருந்திருக்கலாம்.

கொள்ளிடம் இங்கே நடுவில் ஒரு திட்டை விட்டு இரண்டு கையாகப் போகிறது. அணையும் இரண்டு. திட்டில் ஊர். தண்ணீர் இன்னும் விடவில்லை, ஷட்டருக்கு மேல்புறம் தேங்கினது மட்டும் பச்சையாகக் கிடந்தது. தூணில் கை வைத்துப் பார்த்தேன். கருங்கல், ஒவ்வொன்றும் நேர்த்தியாகக் கொத்தியது. கங்கைகொண்ட சோழபுரம் இங்கிருந்து கூப்பிடு தூரம். இந்த அணைக்குக் கல் வேண்டுமென்று அந்தக் கோயிலின் வெளி மதிலையும் மற்றக் கட்டுமானத்தையும் பிரித்து எடுத்தார்கள், ஊர்க்காரர்கள் தடுத்தும் நடக்கவில்லை, பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்னார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. கல்லணையைப் பார்த்துச் சோழனிடம் தொழில் கற்றவர் காலத்திலேயே ராஜேந்திர சோழன் கோயிலின் கல் போனது. காட்டனைப் பற்றி இரண்டாம் நாள் எழுதியதை நான் திருத்தப்போவதில்லை. இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நாள் 5: மூணாறு தலைப்பு

சித்தப்பா ஊர். இன்றைக்கு வண்டியை அவர் ஓட்டினார்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாறு மூன்றாகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. அதனால் மூணாறு தலைப்பு. கேரளத்து மூணாறுக்கு வழி கேட்டு யாரும் இங்கே வந்துவிடவில்லை என்று நம்புகிறேன். மூன்று வாயிலும் ஷட்டர், ஷட்டருக்கு மேலே நடைபாதை. கரையில் பெரிய மரங்கள், அடியில் சாமி.

தாத்தா இங்கேதான் வேலை பார்த்தார். அப்போது சிறிய மதகுகளில் இரும்பு ஷட்டர் கிடையாதாம், பலகைதான். தூணில் இருக்கிற காடியில் பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்க வேண்டும், தண்ணீர் விட ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஓட்டம் வேகமாக இருக்கும்போது பலகை காடியில் சிக்கிக்கொள்ளும். கொக்கி மாட்டி இழுப்பார்கள். அப்படி ஒரு நாள் கொக்கி தெறித்துத் தாத்தாவின் முன்பல் போனது. அந்தப் பல் இல்லாத சிரிப்பை நான் போட்டோவில் பார்த்திருக்கிறேன், அதன் காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு ஊர்க்காரன் வந்து நிப்பான்" என்றார் சித்தப்பா. "ஒருத்தன் ஏத்துங்கம்பான், ஒருத்தன் எறக்குங்கம்பான். ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா வேற இருப்பாங்க." முறைப்பாசனம், அதாவது முறைவைத்துத் தண்ணீர் விடுவது, நடக்கிற வருஷங்களில் லஸ்கர் வீட்டுக்குக் காய்கறி வருவதும், வசவு வருவதும் ஒரே வாசல் வழியாகத்தான்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் வந்தது. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் முக்கொம்பில் அணைக்கு மேலே இருந்து பார்த்தேன், கல்லணையில் போனில் பார்த்தேன், இங்கேதான் கீழே இறங்கி நின்று பார்த்தேன்.

முதலில் சத்தம், ஆனால் தண்ணீர் சத்தம் இல்லை. காய்ந்த சருகை யாரோ வாரிக் கூட்டுகிற மாதிரி. பிறகு வளைவில் ஒரு பழுப்புக் கோடு. அதன் விளிம்பில் நுரை, நுரைக்கு முன்னால் சருகு, தெர்மாகோல் தட்டு, ஒற்றைச் செருப்பு, ஆகாயத்தாமரை, பாதி உரித்த தேங்காய். எல்லாவற்றையும் நெட்டித் தள்ளிக்கொண்டு மனிதன் நடக்கிற வேகத்தில் வந்தது. மணலில் இருந்த வெடிப்புகளில் இறங்கும்போது குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. கொக்குகள் கூடவே நடந்து வந்தன. வெடிப்பிலிருந்து வெளியே வருகிற பூச்சிக்காக. சரியாக என் காலருகே வந்ததும் சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அந்த ஒற்றைச் செருப்பு அவர் காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

ஷட்டர் பக்கத்தில் இருந்த இளைஞர், இப்போதைய லஸ்கர், அளவுகோலைப் பார்த்து வாட்ஸாப்பில் எண்ணை அனுப்பினார். தாத்தாவைப் பற்றிச் சொன்னோம். ஷட்டர் கைப்பிடியைச் சித்தப்பாவிடம் தந்து நாலு சுற்று சுற்றச் சொன்னார். மூன்றாவது சுற்றில் சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நாலாவதை நான் சுற்றினேன். ஒரு விரல்கடை ஏறியிருக்கும்.

நாள் 6: தலைஞாயிறு

நீடாமங்கலத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாகத் தலைஞாயிறு. வழியெல்லாம் பாலம்தான், ஆனால் ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னது. ஆறுகளும் அப்படியே. பெயர்ப்பலகையில் ஆறு என்று போட்டிருக்கும், எட்டிப் பார்த்தால் ஒரு வாய்க்கால். அரிச்சந்திரா நதி, அடப்பாறு எல்லாம் வெண்ணாற்றின் பிள்ளையும் பேரப்பிள்ளையும். கடைசியில் ஒரு வாய்க்காலின் மேல் இரண்டு பனந்தண்டு போட்டிருந்தது. சித்தப்பா குடையை ஊன்றிக்கொண்டு அக்கரை போய்விட்டார். நான் வாய்க்காலுக்குள் இறங்கி ஏறினேன். தண்ணீர்தான் இல்லையே.

வயல்கள் வெடித்துக் கிடந்தன. இங்கே நிலத்தடி நீர் உப்பு, அதனால் பம்புசெட்டை நம்பிக் குறுவை என்கிற முதல் போக நெல் போட முடியாது. ஆற்றுத் தண்ணீர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த போகமான சம்பாவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தண்ணி எங்க வருது, பாத்தீங்களா?" என்று கேட்டார். முந்தாநாள் வந்த உறவினரை விசாரிக்கிற தொனி. நேற்று மூணாறு தலைப்பில் பார்த்தோம் என்றோம். விரல் விட்டு நாள் எண்ணினார். எத்தனை என்று சொல்லவில்லை.

கிழக்கே வேதாரண்யம் கால்வாய். 19ஆம் நூற்றாண்டில் வேதாரண்யத்து உப்பைப் படகில் நாகப்பட்டினம் கொண்டுபோக வெட்டியது. டெல்டாவில் பாசனத்துக்காக இல்லாமல் போக்குவரத்துக்கென்றே வெட்டிய நீர்வழி. உப்புக்காக வெட்டிய கால்வாய் இருக்கிற இதே வேதாரண்யத்துக்குத்தான் 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து நடந்து வந்தார். கோடை. மேட்டூர் அணை வர இன்னும் நாலு வருஷம். நாங்கள் ஆறு நாளாகத் தாண்டிய ஆறுகளை அவர்கள் தாண்டியபோது அவற்றில் மணலே அதிகம் இருந்திருக்கும்.

அடப்பாற்றின் கடைசி நீரொழுங்கிக்கு, அதாவது ஷட்டர் வைத்த தடுப்புக்கு, போனபோது நாலு மணி. ஷட்டர் எல்லாம் இறக்கியிருந்தது. ஒருவர் மேலே உட்கார்ந்து பல்சக்கரத்தில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். விரலால் ஒவ்வொரு பல்லுக்கும், குழந்தைக்கு மை இடுகிற பொறுமையோடு. தண்ணீர் வரும்போது திறக்கவா என்று கேட்டேன். சிரித்தார்.

"இது தண்ணி விடறதுக்கு இல்ல சார். கடல் உள்ள வராம இருக்கறதுக்கு."

வெள்ளம் வந்தால் மட்டும் வடிய விடுவார்களாம். மற்ற நாளெல்லாம் மூடியே இருக்கும். ஷட்டருக்கு மேற்கே காய்ந்த சேறு, அதில் ஆட்டுக் குளம்பு. கிழக்கே இடுப்பளவு தண்ணீர், அலையில்லாமல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இரும்பில் தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளையாக ஒரு கோடு. சித்தப்பா கிழக்குப் பக்கம் படியில் இறங்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பிவிட்டு மேலே வந்தார்.

"காபி எங்கப்பா கிடைக்கும் இங்க?" என்று கிரீஸ்காரரிடம் கேட்டார்.